கரையோரக் கல்வி எவ்வாறு அமைதல் வேண்டும்?

(வடபகுதிக் கரையோரச் சிற்றூர் ஒன்றின் வாசிகசாலை மண்டபத்திலே கமக்காரரும் கடற்றொழிலாளரும் உத்தியோகத்தரும் கூடிய அவையில், நீர்ப்பணிகளில் நெடுங்காலம் கடமையாற்றி ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் ஆற்றிய உரை)



சர்வகலாசாலையிலே ஒரு புதிய பாடநெறி அமைப்பதைப் பற்றிக் கமக்காரர் கூடிய சபையிலே பேசுவானேன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அழைப்பிதழைக் கண்ட என் அயலவர் ஒருவரே, "கரையோர முகாமை என்பது மீன்பிடிப்போர் விஷயம் அல்லவா? வெங்காயம் நடுகிறவனுக்கு அதிலே என்ன அலுவல்?" என்று கேட்டார். அவருக்கு நான் அளித்த விடையோடு தொடங்குகின்றேன்.

அவரை அவருடைய கிணற்றடிக்கே அழைத்துச் சென்றேன். "இந்த நீர் எங்கிருந்து வருகிறது?" என்றேன். "ஊற்றிலிருந்து" என்றார். "ஊற்றுக்கு எங்கிருந்து?" என்றேன். பேசாதிருந்தார். குடாநாட்டிலே மலையும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை செம்மண்ணூடே இறங்கிச் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. தங்கிய அந்த நன்னீர், கீழே கடலோடு தொடர்புற்றுக் கிடக்கும் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. ஆம், மிதக்கின்றது! நன்னீர் சற்று இலேசானது, உவர்நீர் சற்றுக் கனமானது என்பதே அது மிதப்பதற்குக் காரணம். நிலாவரைக் கேணியிலே மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் இருப்பதை அறியாதார் யார்?

கைபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் இரு ஐரோப்பியர் தனித்தனியே கண்டறிந்த ஒரு கணக்கு உண்டு. நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்து நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும். இதனை மறுபக்கமாக எண்ணிப் பாருங்கள். இயந்திரம் பூட்டி இறைத்து அந்த மட்டத்தை அரை அடி தாழ்த்திவிட்டால், கீழிருக்கும் உவர்நீர் காலப்போக்கிலே 20 அடி மேலேறும். துலா மிதித்து இறைத்த நாளிலே மனிதனுடைய களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பு ஏது?

என் அயலவர் கிணற்றினுள் எட்டிப் பார்த்தார். "அப்படியானால் நான் கடலின்மேல் தோட்டம் செய்கிறேன் என்று சொல்லுங்கள்" என்றார். அவர் சொன்னது முழுவதும் சரி. குடாநாட்டின் எந்த மூலையும் கடலுக்கோ பரவைக்கடலுக்கோ தொலைவில் இல்லை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடும் பசளையின் நைத்திரேற்று அதே வெடிப்புகளின் வழியே குடிநீருக்கு இறங்குகின்றது. குடிநீரிலே அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தோட்டக் கிணறுகள் பலவற்றிலே அவ்வரையறை கடந்திருப்பதை ஆராய்ச்சியாளர் பலமுறை எடுத்துக் காட்டியுள்ளனர். அந்நீரில் ஒரு பங்கு நிலத்தின் கீழாகவே கடலைச் சேர்கின்றது. ஆகவே கமக்காரன் கரையோரத்துக்குப் புறம்பானவன் அல்லன். கடலை அவன் கண்ணாற் காணாதிருக்கலாம். அவனுடைய பயிர் அதனை அறியும்.

இனி, சட்டம் என்ன சொல்கின்றது என்று பார்ப்போம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம் நம் நாட்டின் கரையோர வலயத்தை அளந்து வைத்துள்ளது. உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர், தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றர். கடலோடு தொடுக்கும் ஆறு, களப்பு முதலியவற்றுக்கு உள்நோக்கி 2 கிலோமீற்றர். அந்நாளிலே இத்தகைய சட்டம் இயற்றிய நாடுகள் மிகச் சில. அது நமக்குப் பெருமையே. அச்சட்டத்தின் கீழ் 1990ஆம் ஆண்டிலே முதலாவது கரையோர முகாமைத் திட்டமும் வெளிவந்தது. 2011ஆம் ஆண்டுத் திருத்தம் திணைக்களத்தின் பெயரோடு கரையோர மூலவள முகாமை என்பதையும் சேர்த்தது. எல்லாம் நன்று. ஆயினும் உயர்நீர்க் கோட்டிலிருந்து 301ஆம் மீற்றரிலே இருக்கும் கிணற்றுக்கும் கடலுக்கும் உறவு அற்றுப்போகின்றதா? சட்டத்துக்கு ஓர் எல்லை வேண்டும், அதனை நான் மறுக்கவில்லை. கல்வியும் அந்த எல்லையிலே நின்றுவிடுமாயின் அதனை மறுப்பேன்.

அன்பர்களே! சர்வகலாசாலை ஒன்றிலே கரையோர முகாமைக்கு ஒரு பட்டப்படிப்பு அமைப்பது பற்றி ஆராயும் குழுவுக்கு என்னையும் அழைத்தார்கள். எந்தச் சர்வகலாசாலை என்பது இங்கே வேண்டா. குழுவின் முன் வைக்கப்பட்ட முதல் வரைவை இரண்டு இரவுகள் இருந்து படித்தேன். அலையின் கணிதம் இருந்தது. செய்மதிப் படம் பார்க்கும் வித்தை இருந்தது. பனிப்பாறை குடைந்த வடகடற் குடாக்கள் இருந்தன. சுற்றுலாப் பயணிகளின் மனப்பாங்கு பற்றி ஒரு முழுப் பருவமே இருந்தது! களப்பின் முகத்துவாரம் இல்லை. கரைவலைப் பாடு இல்லை. கிணறு இல்லை. வேற்றுநாட்டுப் பாடவிதானம் ஒன்றை எடுத்து, ஊர்ப்பெயர்களை மட்டும் மாற்றியிருந்தார்கள். மாற்றாது விட்டவையும் சில இருந்தன.

வேற்றுநாட்டாரிடம் கற்கலாகாது என்று நான் சொல்ல வரவில்லை. நம் திணைக்களம் 1980களிலே அமெரிக்காவின் றோட் ஐலண்ட் சர்வகலாசாலையோடு சேர்ந்து செய்த வேலை பயனுள்ளது. ஹிக்கடுவையிலும் இரேக்காவையிலும் ஊராரை அமர்த்திப் பேசித் திட்டம் வகுத்தது அந்தத் தொடர்பினால் நிகழ்ந்ததே. இரேக்காவைக் களப்பின் குறுக்கே போட்ட தெரு நீரோட்டத்தை மறித்ததனால் இறால் குறைந்தது என்பதை அங்கே ஊராரும் ஆராய்ச்சியாளரும் சேர்ந்தே எடுத்துரைத்தனர். நம் பண்ணைத் தாம்போதியையும் பொன்னாலைத் தாம்போதியையும் அதே கண்ணோடு பார்க்க நம் மாணவர் எத்தனை பேர் பயின்றிருக்கின்றனர்? கற்க வேண்டியது அந்தப் பார்வையை. பாடவிதானத்தைப் பிரதி பண்ணுவது வேறு விஷயம்.

இவ்விடத்திலே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. பெருமைக்குரிய கதை அன்று.

இளம் உத்தியோகத்தனாகக் கிழக்குக் கரையிலே ஒரு களப்பின் பக்கம் கடமையாற்றினேன். களப்பின் பெயரும் அலுவலகத்தின் பெயரும் வேண்டா. கிழக்கிலே களப்பின் முகத்துவாரத்தைக் கோடையிலே மணல் மூடிவிடும். மாரியிலே வெள்ளம் பெருகி, கரையோரத்து வட்டைகளிலே பெரும்போக நெல் மூழ்கத் தொடங்கும். அப்போது முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டும். எப்போது வெட்டுவது, எங்கே வெட்டுவது, எவ்வளவு அகலம் வெட்டுவது? இம்மூன்று கேள்வியிலும் கமக்காரனும் மீனவனும் ஆண்டுதோறும் எதிரெதிரே நிற்பார்கள். நெல்லுக்கு உடனே வெட்ட வேண்டும். இறாலுக்குச் சற்றுப் பொறுக்க வேண்டும். களப்பிலே வளரும் இறாற் குஞ்சு பருத்த பின்னரே கடலுக்குப் போக வேண்டும். முன்னரே வெட்டினால் நீரோடு குஞ்சும் போய்விடும்.

ஒரு மார்கழி மாதம். மூன்று நாள் விடாத மழை. வட்டவிதானை ஐம்பது கமக்காரரோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டார். அளவுகோலைப் பார்த்தேன். நீர் குறித்த அடியைத் தாண்டியிருந்தது. வெட்டும்படி கட்டளையிட்டேன். அன்று மாலை முதிய மீனவர் ஒருவர் நனைந்தபடியே வந்தார். "தம்பி, வெட்ட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நெல்லும் எங்கள் பிள்ளைகள் தின்கிற நெல்தான். நடுவிலே அகலமாக வெட்டாமல், வடக்கு முனையிலே ஒடுக்கமாக வெட்டச் சொல்லுங்கள். அந்த இடம் தானாக மூடிக்கொள்ளும். நடுவிலே வெட்டினால் இலேசில் மூடாது" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது தொழில்நுட்ப விஷயம், பெரியவர்" என்றேன். அவர் தலையிலே போட்டிருந்த சாக்கைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார்.

இரவோடு இரவாக வெட்டினார்கள். நீர் பாய்ந்த வேகத்திலே வெட்டிய வாய் தானே அகன்றது. இரண்டு நாளிலே வயல்கள் தலைதூக்கின. எனக்கு மாலை போடவும் வந்தார்கள். தை மாதத்திலே களப்பிலே வலை வீசியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அத்தாங்கோடு போன பெண்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அதுவும் போகட்டும். அந்த வாய் பங்குனியிலும் மூடவில்லை. கடல்நீர் தடையின்றி ஏறி இறங்கியது. அடுத்த போகத்திலே பள்ளக் காணிகளிலே உழுத மண்ணின்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. எனக்கு மாலை போட்ட வட்டவிதானையின் காணியும் அவற்றுள் ஒன்று!

நான் முட்டாளாகப் படித்தவன் அல்லன். அணை, வாய்க்கால், வான், கதவு எல்லாம் கற்றேன். நல்ல ஆசிரியர்கள் கற்பித்தார்கள். ஆனால் நான்கு ஆண்டுப் படிப்பிலே களப்பு என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை. மணல் எப்பக்கம் நகர்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. அதனை அறிந்தவர் என் மேசைக்கு முன்னே நின்றார். அவரிடம் கேட்டறியும் முறையை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. இதனாலேயே இந்தக் குழுவிலே இருக்கச் சம்மதித்தேன்.

ஆகவே, குழுவிடம் நான் முதலாவதாகக் கேட்டது இது. மாணவன் தன் முதல் ஆண்டிலே ஒரு கரையோர ஊரை ஒரு முழு வருஷச் சுற்றுக்குப் பின்தொடர வேண்டும். சோளகம் தொடங்கும்போது எந்த வள்ளங்கள் கரையேறுகின்றன, வாடை பிறந்ததும் எவர் எந்தக் கரைக்கு வாடி போடப் பெயர்கின்றனர், கொண்டலும் கச்சானும் வலைக்கு என்ன செய்கின்றன, கோடை முற்ற முற்ற எந்தக் கிணறு முதலில் கரிக்கின்றது, சங்கத்திலே கடன் எவ்வாறு கொடுக்கப்படுகின்றது என்பவற்றைக் கண்டு எழுத வேண்டும். ஒரு வாரச் சுற்றுலா போதாது. பஸ்ஸிலே வந்து, படம் பிடித்து, மதியச் சாப்பாட்டோடு திரும்பும் "களப் பயணங்களை" நாம் நிரம்பக் கண்டுவிட்டோம்.

இரண்டாவது, பொறியியலும் உயிரியலும் சட்டமும் கணக்கும் ஒரே பிரச்சினையைச் சுற்றிக் கற்பிக்கப்பட வேண்டும். தொண்டைமானாற்றுத் தடுப்பணையை எடுத்துக்கொள்ளுங்கள். கடல்நீர் வடமராட்சிப் பரவைக்கடலுக்குள் ஏறாமல் தடுத்து, மழைநீரால் அதனை நாளடைவிலே நன்னீராக்குவது அதன் நோக்கம். பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் 1950களிலே வகுத்த பெருந்திட்டத்திலே அது ஒரு பகுதி. ஆனையிறவுப் பரவைக்கடலையும் நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக்குக் கொண்டுவந்து, குடாநாட்டுக்கு ஓர் ஆறு தருவது அவர் கனவு. வாய்க்கால் முடிவுறவில்லை. போட்ட கதவுகளும் பழுதாகிக் கிடந்த காலம் நீண்டது. அத்திட்டத்தை மதிக்கின்றவன் நான். ஆயினும் இன்று அதனைக் கற்பிக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் பல. நன்னீரானால் அயற் கிணறுகளுக்கு எவ்வளவு பயன்? கதவு மூடினால் இறாலும் மீனும் எவ்வழி வரும்? சிறகுவலை கட்டி வாழ்பவருக்கு மாற்றுத் தொழில் என்ன? கதவைத் திறக்கும் நாளை எவர் தீர்மானிப்பது? நான்கு கேள்விக்கும் நான்கு கட்டடங்களிலே விடை தேடினால், மாணவன் எந்தக் கட்டடத்திலும் முழு விடையைக் காணமாட்டான்.

தவறுகளையும் பாடமாக வைத்தல் வேண்டும். புத்தளம், சிலாபம் பகுதியிலே 1980களிலே இறாற் பண்ணைகள் பெருகின. கண்டற் காடுகள் அழிந்தன. பல பண்ணைகள் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தே நீர் எடுத்து அதற்குள்ளேயே கழிவுநீரை விட்டன. 1996ஆம் ஆண்டிலே வெண்புள்ளி நோய் வந்தபோது, ஒருவனுடைய குளத்து நோய் அடுத்தவனுடைய குளத்துக்குப் போக வழி திறந்தே இருந்தது. பின்னர் பண்ணைக்காரர் சேர்ந்து, எந்தப் பகுதியிலே எந்த மாதம் குஞ்சு விடுவது என்று நாட்காட்டி வகுத்துக்கொண்டனர். இன்று நம் வடகரையிலே கடலட்டைப் பண்ணைகள் பரவுகின்றன. தடுப்புவலைக்குள் அடைக்கப்படும் ஆழமற்ற கடல் யாருடைய பாடு என்ற வழக்கும் கூடவே எழுந்திருக்கின்றது. சிலாபத்துப் பாடத்தைப் படித்த ஒருவன் நம்மிடையே இருந்தால் எவ்வளவு நலம்!

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாளை இந்த அவையிலே நான் விவரிக்க வேண்டியதில்லை. அதன் பின் நிகழ்ந்த ஒன்றை மட்டும் சொல்வேன். தெற்கிலே 100 மீற்றர், வடகிழக்கிலே 200 மீற்றர் வரை வீடு கட்டலாகாது என்று விதித்தார்கள். பிறகு தளர்த்தினார்கள். ஒரே பேரலைக்கு இரண்டு அளவுகோல் ஏன்? நிலத்தின் உயரம் என்ன, முன்னே மணற்குன்று உண்டா, முருகைக்கற் பார் உண்டா, கடல் அவ்விடத்திலே ஆழமா ஆழமற்றதா என்று இடத்துக்கு இடம் பார்த்தல்லவா தூரத்தை வகுத்திருக்க வேண்டும்? மணற்காட்டுக் குன்றின் பின்னே இருக்கும் வீடும், மண் அள்ளிச் சமன் செய்த கரையிலே இருக்கும் வீடும் ஒன்றாகுமா? அவ்வாறு இடம் இடமாகப் பார்த்துச் சொல்லத் தேர்ந்தவர் மாவட்டந்தோறும் ஒருவரேனும் இருந்திருந்தால், உறவை இழந்தவன் நிலத்தையும் இழப்பேனோ என்று கூடாரத்திலே காத்திருந்த காலம் குறைந்திருக்கும்.

மொழியைப் பற்றிக் குழுவிலே பெரிய வாதம் நடந்தது. விஞ்ஞானத்தை ஆங்கிலத்திலே கற்பிப்பதை நான் எதிர்க்கவில்லை. உலக நூல்களுக்கு அதுவே வாயில். ஆனால் மாணவனுடைய அறிக்கை ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பிரதி ஒன்று இருத்தல் வேண்டும் என்றேன். அதனை அவன் எந்த ஊரைப் பற்றி எழுதினானோ அந்த ஊர்ச் சபையிலே வாசித்து, கேள்விக்கு விடை சொல்லிய பின்னரே புள்ளி வழங்க வேண்டும் என்றேன். "மொழிபெயர்ப்பு வேலை மாணவருக்குச் சுமை" என்றார் ஒருவர். ஐயா, புத்தகத்திலே "கடனீரேரி" என்கிறோம். நம் மீனவன் "பரவைக்கடல்" என்கிறான். மட்டக்களப்பான் "களப்பு" என்கிறான். இம்மூன்றும் ஒன்றென்று அறியாத பட்டதாரி, கரையிலே இறங்கி யாரோடு பேசுவான்? தெற்குக் கரையிலே வேலை செய்யப் போகிறவன் சிங்களமும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதையும் அங்கே சொன்னேன். அதற்கு மறுப்பு எழவில்லை.

உத்தியோகம்! பெற்றோர் இங்கே நிரம்ப இருக்கின்றீர்கள். உங்கள் மனத்தில் இருக்கும் கேள்வியை நானே கேட்டுவிடுகின்றேன். இதைப் படித்தவனுக்கு வேலை உண்டா? உண்மையைச் சொல்கின்றேன். ஆண்டுக்கு ஐம்பது பேருக்குக் கரையோர முகாமைப் பட்டம் கொடுத்தால், அவர்களிற் பலர் கச்சேரி வாசலிலே பதாகை பிடிக்கும் பட்டதாரிகளோடு சேர்வார்கள். மாத்தறையிலே றுகுணைச் சர்வகலாசாலைக்குக் கடற்றொழிலுக்கும் கடல் விஞ்ஞானத்துக்குமென ஒரு பீடமே உண்டு. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தினால் சமுத்திரப் பல்கலைக்கழகம் என ஒன்றும் எழுந்தது. யாழ்ப்பாணத்திலும் கடற்றொழில் கற்பிக்கப்படுகின்றது. இவற்றோடு போட்டியிட இன்னொரு பெயர்ப்பலகை வேண்டா.

நான் கேட்டது வேறு. புதிய பட்டத்தை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். பொறியியல், விவசாயம், புவியியல், கடற்றொழில், சட்டம் படிக்கும் மாணவர் யாவரும் சேர்ந்து எடுக்கக்கூடிய ஒரு பொதுப் பகுதியை அமையுங்கள். ஏலவே சேவையிலிருக்கும் பிரதேச செயலக, நீர்ப்பாசன, கமநல, கடற்றொழில் உத்தியோகத்தருக்கு இரண்டு வருஷ மேற்படிப்பு ஒன்றை வார இறுதியிலே நடத்துங்கள். கட்டளையிடும் மேசையிலே இருப்பவன் அவன்தான். அவனே முதலிற் கற்கட்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் காரியதரிசிமாருக்கும் கமக்கார அமைப்புகளின் பொருளாளருக்கும் ஒரு வருஷச் சான்றிதழ் வகுப்பைத் தமிழிலே நடத்துங்கள். இரு சாராரும் ஒரே வாங்கிலே இருக்கட்டும். முகத்துவாரத்தின் முன்னே முதன்முறையாகச் சந்திப்பதிலும் வகுப்பிலே சந்தித்துச் சண்டையிடுவது மேல்.

குழுவிலே பாதிப்பேர் உடன்பட்டனர். மற்றோர், பட்டம் இல்லாத பாடத்துக்குப் பணம் வராது என்கின்றனர். அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கின்றது. மானியம் வழங்குவோர் எண்ணுவது பட்டதாரிகளின் தலைகளையே. ஊரார் சாட்சி சொல்லலாமா என்று நான் கேட்டபோது, எழுத்திலே தந்தால் ஏற்போம் என்று தலைவர் இணங்கினார். அதற்காகவே இன்று இங்கே வந்தேன்.

1901ஆம் ஆண்டுக்கும் 2018ஆம் ஆண்டுக்கும் இடையிலே உலகக் கடல்மட்டம் ஏறக்குறைய 20 சதமமீற்றர் உயர்ந்துள்ளது. உயர்வின் வேகமும் கூடிவருகின்றது. கடல் உயர உயர, நான் முன்பு சொன்ன உவர்நீரும் கூடவே உயரும். ஆனால் இந்த ஊர்க் கிணறுகளிலே அது எவ்வளவு உயர்ந்தது என்று காட்ட நம் கையிலே எழுத்தில் ஒரு கணக்கும் இல்லை. குழுவிலே அதனைக் கேட்டார்கள். எனக்கு விடை இல்லை.

வாசிகசாலைக் காரியதரிசி அவர்கள் ஒரு பெரிய கொப்பி வாங்கி மேசையிலே வைத்திருக்கின்றார். தோட்டக் கிணறு உடையவர்கள் இரு கிழமைக்கு ஒருமுறை, இறைப்பதற்கு முன் காலையிலே, கட்டிலிருந்து நீர்மட்டம் வரை கயிறு விட்டு அளந்து, திகதியோடு எழுதுங்கள். கரிப்பு உண்டா இல்லையா என்பதையும் எழுதுங்கள். களப்பிலும் கடலிலும் தொழில் செய்பவர்கள், எந்தத் திகதியிலே எந்த இனம் எந்தப் பாட்டிலே பட்டது என்று எழுதுங்கள். எழுத வராதவருக்கு இங்குள்ள மாணவர் எழுதிக் கொடுப்பர். ஆவணியிலிருந்து மழை பிறக்கும் வரையுள்ள கணக்கு முதலில் வேண்டும். குழு மார்கழியிலே மீண்டும் கூடுகின்றது. கொப்பியை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.